கீஜென், கிராக், ஆக்டிவேஷன்: வாசகர் கேள்வி பதில்

கம்ப்யூட்டர் பக்கத்துக்கு இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: சீரியல் நம்பர், கீஜென், "ஆக்டிவேட் ஆக மாட்டேங்குது சார்". அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். கிராக் (பூட்டை உடைத்த காப்பி) எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் கிடையாது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கீஜென் என்பது ஐம்பது கேபி கூட இல்லாத ஒரு துக்கடா புரோகிராம். பட்டனை அமுக்கினால் சரியான சீரியல் நம்பரைக் கொட்டுகிறது. கம்பெனிக்காரர்களின் பட்டியலையே திருடி உள்ளே வைத்திருக்கிறார்களா?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பட்டியல் எதுவும் இல்லை தம்பி, உள்ளே இருப்பது வெறும் கணக்கு. சாஃப்ட்வேர் சிடியில் வந்த காலத்தில் பெரும்பாலான வீடுகளில் இன்டர்நெட் கிடையாது. நீங்கள் அடிக்கும் எண் சரியானதுதானா என்று கம்பெனியிடம் கேட்க வழியே இல்லாததால், சரிபார்க்கும் வேலையையும் அந்தச் சிடிக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள். அதுதான் ஓட்டை.

விண்டோஸ் 95-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய சிடிக்கு எண் மூன்று இலக்கம், ஒரு கோடு, ஏழு இலக்கம் என்று இருக்கும். அந்த ஏழு இலக்கங்களையும் கூட்டினால் வருவது 7-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும், முதல் மூன்று இலக்கம் 333, 444 என்று தொடங்கி 999 வரையிலான அந்த ஏழு எண்களில் ஒன்றாக இருக்கக் கூடாது. சோதனை அவ்வளவுதான். 111-1111111 என்று அடித்தால் ஏழு ஒன்றுகள் சேர்ந்து 7, உள்ளே விட்டுவிடும். 1234567 என்று வரிசையாக அடித்தாலும் கூட்டுத்தொகை 28, அதுவும் தேறிவிடும். குருட்டாம்போக்கில் எதையாவது அடித்தால்கூட ஏழு தடவையில் ஒரு தடவை அதிர்ஷ்டம் அடிக்கும். புதுக் கம்ப்யூட்டரோடு தயாரிப்பாளரே போட்டுத் தந்த விண்டோஸின் எண், அதாவது ஓஇஎம் எண், கொஞ்சம் நீளம், அதில் முதல் மூன்று இலக்கம் வருஷத்தின் எத்தனையாவது நாள், அடுத்த இரண்டு எந்த வருஷம், அப்புறம் அதே ஏழு வாய்ப்பாடு.

இவ்வளவு பெரிய கம்பெனிக்கு இது கூடவா தெரியாது என்று சிரிக்காதீர்கள். இந்த மாதிரிக் கணக்கெல்லாம் முதலில் வந்ததே தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்கத்தான். உங்கள் ஆதார் எண்ணின் கடைசி இலக்கம்கூட வெர்ஹோஃப் என்ற முறையில் மற்ற பதினொன்றையும் வைத்துக் கணக்கிட்டுப் போட்டதுதான், ஒரு இலக்கம் மாறி விழுந்தால் உடனே தெரிந்துவிடும். பிழை கண்டுபிடிக்கும் கருவியைக் கொண்டுபோய் திருட்டைத் தடுக்க நிறுத்தினால் என்ன ஆகும்? சாஃப்ட்ஐஸ் போன்ற டீபக்கரை (புரோகிராமை நிறுத்தி நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கருவி) வைத்துக்கொண்டு உட்கார்ந்த ஒருத்தர், எண்ணைச் சரிபார்க்கும் இடம் வரை புரோகிராமை அடி அடியாக ஓட்டிப் பார்த்து, அந்தக் கணக்கைப் படித்துவிட்டு, திருப்பிப் போட்டு எழுதினார். கீஜென் ரெடி. பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயருக்கேற்ற சீரியல் வரும் ஷேர்வேர் (முதலில் இலவசமாகப் பார்த்துவிட்டுப் பிறகு காசு கட்டும்) புரோகிராம்கள் நிறைய இருந்தனவே, அவையும் இதே கதிதான்.

அப்படியானால் இப்போது விண்டோஸ் எண்ணை 25 எழுத்தாக நீட்டியதால்தான் கீஜென் வேலை செய்வதில்லையா? அந்த 25-இல் பூஜ்யமே வருவதில்லை என்பதையும் கவனித்தேன்.
(பள்ளி ஆசிரியை, யாழ்ப்பாணம்)

நல்ல கண் உங்களுக்கு. மைக்ரோசாஃப்ட் அந்த 25 இடங்களுக்கும் மொத்தம் 24 குறிகளைத்தான் பயன்படுத்தியது. பூஜ்யமும் இல்லை, ஓ என்ற ஆங்கில எழுத்தும் இல்லை. 1 என்ற இலக்கமும் இல்லை, ஐ-யும் எல்-லும் இல்லை. ஐந்தும் எஸ்ஸும் இல்லை. ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் அச்சடித்ததைப் பார்த்துக் குழம்பக் கூடாது என்றால் இவற்றைத் தூக்கித்தான் ஆக வேண்டும். ஆங்கில உயிரெழுத்து ஒன்றுகூடக் கிடையாது, அதனால் எசகுபிசகான வார்த்தை எதுவும் தற்செயலாக அமைந்துவிடாது. விண்டோஸ் 8-லிருந்து என் (N) என்ற ஆங்கில எழுத்து ஒன்று கூடுதலாக வந்து சேர்ந்தது.

24 குறிகளை 25 இடங்களில் அடுக்கினால் கிடைக்கும் சேர்க்கைகள் 35 இலக்க எண். ஆனால் நீளம் மட்டும் காப்பாற்றாது, கணக்கு தெரிந்தால் எவ்வளவு நீளமானாலும் போட்டுவிடலாம். மாற்றம் எங்கே என்றால், அந்த எழுத்துகளுக்குள் டிஜிட்டல் கையொப்பம் ஒன்றை ஒளித்து வைத்தார்கள். சார்பதிவாளர் அலுவலக முத்திரையை யார் வேண்டுமானாலும் பார்த்து இது சரியான முத்திரைதான் என்று சொல்லிவிடலாம், குத்துவதற்கு அந்த ஆபீஸ் மேசைக்குள் இருக்கும் கட்டை வேண்டும் இல்லையா, அது மாதிரி. சரிபார்க்கும் பாதி உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது, உருவாக்கும் பாதி கம்பெனியை விட்டு வெளியே வருவதில்லை. டீபக்கரை வைத்து எவ்வளவு குடைந்தாலும் பார்க்கும் பாதிதான் கிடைக்கும்.

கையொப்பம் பலவீனமாக இருந்தால் உடைப்பார்கள், அது தனிக் கதை. பெரும்பாலும் அந்தச் சிரமம் கூடப் படுவதில்லை. சரிபார்க்கும் இடத்தையே வெட்டி எறிந்துவிட்டு, எந்த எண்ணுக்கும் "சரி" என்று சொல்லும்படி புரோகிராமை மாற்றிவிடுகிறார்கள். அதற்குப் பெயர் பேட்ச், கீஜென் இல்லை. உங்கள் புரோகிராமுக்குள் முகம் தெரியாத ஒருவர் கத்தி வைத்த பிறகு அது யாருடைய புரோகிராம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் எஃப்.சி.கே.ஜி.டபிள்யூ என்று தொடங்கும் ஒரு சீரியல் கீ எங்கள் ஊர் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் மனப்பாடம். அதுவும் கீஜென் போட்டதுதானா?
(கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர், தேனி)

இல்லை, அது கம்பெனியே போட்ட அசல் கீ. நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றையும் ஆக்டிவேட் செய்துகொண்டிருக்க முடியாது என்பதால், ஆக்டிவேஷனே கேட்காத வால்யூம் லைசென்ஸ் கீ என்று ஒரு ஜாதியை மைக்ரோசாஃப்ட் வைத்திருந்தது. அதில் ஒன்று கசிந்தது. எக்ஸ்பி கடைக்கு வந்தது 2001 அக்டோபர் 25. சாவி அதற்குச் சில வாரங்கள் முன்பே ஊர் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அடுத்த வருஷம் வந்த சர்வீஸ் பேக் 1 என்ற திருத்தத் தொகுப்பில் அந்தக் கீயை அடைத்தார்கள், உங்கள் ஊர் மெக்கானிக்குகள் சர்வீஸ் பேக் போடாமலேயே சமாளித்திருப்பார்கள், அதனால் வைரஸ் வந்து மறுபடி அவர்களிடமே வந்திருப்பீர்கள்.

கணக்கு பூட்டை எவ்வளவு கெட்டியாகச் செய்தாலும், விதிவிலக்கு என்று ஒரு கொல்லை வாசல் வைத்தால் கூட்டம் அந்த வழியாகத்தான் வரும்.

மதர்போர்டு போய்விட்டது, புதிது மாற்றினேன். இப்போது விண்டோஸ் ஆக்டிவேட் செய்யச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியது சார், திரும்ப வாங்கணுமா?
(கணக்காளர், ஈரோடு)

எப்படி வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆக்டிவேஷன் என்பது கீயை ஒரு குறிப்பிட்ட கம்ப்யூட்டரோடு முடிச்சுப் போடுவது. எக்ஸ்பியிலேயே பிராசசர், ஹார்ட் டிஸ்க், ராம், நெட்வொர்க் கார்டு என்று பத்து பாகங்களின் அடையாளத்தைச் சுருக்கி ஒரு எண்ணாக்கி வைத்துக்கொள்ளும், இரண்டு மூன்று மாறினால் பொறுத்துக்கொள்ளும், அதற்கு மேல் மாறினால் இது வேற கம்ப்யூட்டர் என்று சொல்லிவிடும். இப்போதும் அடிப்படை அதுதான், மதர்போர்டுக்கு மட்டும் வெயிட்டேஜ் அதிகம்.

கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த விண்டோஸ் என்றால் அது ஓஇஎம் லைசென்ஸ். விண்டோஸ் 8 முதல் பிராண்டட் கம்ப்யூட்டர்களில் அந்தக் கீயை மதர்போர்டின் பயாஸுக்குள்ளேயே (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க புரோகிராம்) எழுதி அனுப்புகிறார்கள், அதனால்தான் கீழே ஒட்டும் ஸ்டிக்கரில் இப்போது கீ இருப்பதில்லை. போர்டு போனால் அதுவும் போச்சு. வாரன்ட்டியில் கம்பெனியே மாற்றிக் கொடுத்திருந்தால் அவர்களைக் கேளுங்கள், அவர்கள் பொறுப்பு.

தனியாகக் கடையில் வாங்கிய ரீடெயில் லைசென்ஸ் என்றால் மாற்றிக்கொள்ள உரிமை உண்டு. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன், அங்கே ட்ரபிள்ஷூட் என்று இருக்கும். அதை அமுக்கினால் சமீபத்தில் ஹார்டுவேரை மாற்றினீர்களா என்று ஒரு வரி வரும், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பழைய கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுங்கள். இதில் ஒரு சிக்கல், போர்டு சாகும் முன்பே லைசென்ஸை அந்தக் கணக்கோடு இணைத்திருக்க வேண்டும். மற்ற வாசகர்கள் இன்று இரவே அந்த ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, டிஜிட்டல் லைசென்ஸ் உங்கள் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று போட்டிருக்கிறதா பார்த்துவிடுங்கள்.

ஆன்லைனில் 400 ரூபாய்க்கு ஒரிஜினல் விண்டோஸ் கீ விற்கிறார்களே, வாங்கலாமா? நண்பன் வாங்கினான், ஆக்டிவேட் ஆகிவிட்டது.
(டெலிவரி வேலை பார்ப்பவர், சென்னை)

ஆக்டிவேட் ஆவது வேறு, லைசென்ஸ் இருப்பது வேறு. கதவு திறந்தது என்பதற்காக வீடு உங்கள் பேரில் பதிவாகிவிடாது. இந்த மலிவுக் கீகள் வரும் இடங்கள்: காயலாங்கடைக்குப் போன கம்ப்யூட்டர்களின் ஓஇஎம் கீ, ஏதோ நிறுவனத்துக்கோ கல்லூரிக்கோ கொடுத்த பல கம்ப்யூட்டர் கீ, டெவலப்பர்களுக்கு சோதனைக்கென்று தரும் கீ, அப்புறம் திருட்டு கார்டில் வாங்கியது. பல கம்ப்யூட்டர் கீக்கு இத்தனை தடவைதான் ஆக்டிவேட் ஆகலாம் என்று ஒரு எண்ணிக்கை உண்டு, ஒரே கீயை ஊரெல்லாம் விற்றால் ஒருநாள் அது தீரும் அல்லது கம்பெனி அடைக்கும்.

விற்பவர்கள் ஐரோப்பாவில் கோர்ட்டே அனுமதித்துவிட்டது என்று எழுதியிருப்பார்கள். 2012 ஜூலையில், பழைய லைசென்ஸ்களை விற்ற யூஸ்டுசாஃப்டுக்கும் சாஃப்ட்வேர் கம்பெனியான ஆரக்கிளுக்கும் நடந்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் பழைய லைசென்ஸை மறுவிற்பனை செய்யலாம் என்றது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே, முதலில் வாங்கியவர் தன் காப்பியை உபயோகிக்க முடியாதபடி செய்துவிட வேண்டும், மொத்தமாக வாங்கியதைப் பிய்த்துப் பிய்த்து விற்கக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. அது ஐரோப்பாவுக்கான தீர்ப்பு என்பதும் இருக்கிறது. 400 ரூபாய் போனால் போகட்டும் என்று நினைத்தால் அது உங்கள் இஷ்டம், பில் கேட்டுப் பாருங்கள், என்ன அனுப்புகிறார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

கோப்புகளைச் சுருக்கும் வின்ராரில் 40 நாள் இலவசக் காலம் முடிந்துவிட்டது என்று பல வருஷமாகச் சொல்கிறது. ஆனால் ஓடிக்கொண்டே இருக்கிறதே?
(பெயர் வேண்டாம் என்றவர், கும்பகோணம்)

உங்கள் மனசாட்சியைத்தான் அது ஆக்டிவேஷன் சர்வராக வைத்திருக்கிறது.

சர்வீஸ் கடையில் ஏதோ ஆக்டிவேட்டர் போட்டுக் கொடுத்தார்கள். போடும்போது ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் போட்டார்கள். கேட்டதற்கு "இதை எல்லா ஆன்டிவைரஸும் தப்பாகத்தான் காட்டும் மேடம்" என்றார்கள். நம்பலாமா?
(இல்லத்தரசி, கோயம்புத்தூர்)

இந்த இதழிலேயே முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முன்னே சொன்ன வால்யூம் லைசென்ஸ் என்ற கொல்லை வாசலுக்கு விண்டோஸ் விஸ்டாவிலிருந்து புது வடிவம் கொடுத்தார்கள், பெயர் கேஎம்எஸ். பெரிய அலுவலகத்துக்குள் ஒரு சர்வர் இருக்கும், குறைந்தது 25 கம்ப்யூட்டர்கள் அதைக் கேட்டால்தான் விண்டோஸை ஆக்டிவேட் செய்ய ஆரம்பிக்கும். ஒரு தடவை ஆக்டிவேட் ஆனால் 180 நாளுக்குச் செல்லும், ஏழு நாளைக்கு ஒரு தடவை போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். கடையில் போட்டது அநேகமாக இந்த சர்வர் மாதிரி வேஷம் போடும் புரோகிராம். உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு "நான்தான் உங்கள் ஆபீஸ் சர்வர்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதே ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள், உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால் சந்தேகமே வேண்டாம். உங்கள் வீடு எப்போது நிறுவனம் ஆனது?

இப்போது கடைக்காரர் சொன்ன பதில். அதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. சொன்ன வேலையை மட்டும் செய்யும் ஆக்டிவேட்டரையும் ஆன்டிவைரஸ் பிடிக்கத்தான் செய்யும், அது விண்டோஸின் பாகங்களில் கை வைக்கிறதே. உள்ளே விஷம் வைத்த ஆக்டிவேட்டரையும் பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே மாதிரி சிவப்பு எச்சரிக்கை. அதை அணைத்துவிட்டுப் போடுவதற்கு எல்லோரும் பழகிவிட்டதால், வைரஸ் எழுதுகிறவருக்குக் கஷ்டமே இல்லாமல் போய்விட்டது, பலியாகிறவரே கதவைத் திறந்து, காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உட்காரச் சொல்கிறார். 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் இதேதான் இருந்தது: கேஎம்எஸ்பிகோ என்ற பிரபலமான ஆக்டிவேட்டரின் பெயரில் சுற்றிய இன்ஸ்டாலருக்குள் கிரிப்ட்பாட் என்ற திருடன். பிரவுசரில் சேமித்த விவரங்கள், கிரிப்டோ வாலட்டுகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும்.

கையொப்பமும் சர்வரும் வந்த பிறகு உண்மையான கீஜென்னுக்கு வேலை குறைந்துவிட்டது, தேடுகிறவர்கள் குறையவில்லை. அந்த இடைவெளியில்தான் இன்று "கீஜென் 2025" என்று கிடைப்பவற்றில் பெரும்பகுதி பிறக்கிறது.

உங்களுக்குச் சொல்வது: போட்டோக்கள், டாக்குமென்ட்டுகளை மட்டும் தனியே காப்பி செய்துகொண்டு, மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸை முதலிலிருந்து போடச் சொல்லுங்கள். லேப்டாப் பிராண்டட் என்றால் பயாஸிலேயே உங்களுக்கு அசல் கீ இருக்கலாம், இந்த ஆக்டிவேட்டர் தேவையே இருந்திருக்காது. பாஸ்வேர்டுகளை வேறொரு கம்ப்யூட்டரிலிருந்தோ போனிலிருந்தோ மாற்றுங்கள், பேங்க்கும் மெயிலும் முதலில். எல்லா இடத்திலிருந்தும் லாக் அவுட் என்ற பட்டன் இருந்தால் அதையும் அமுக்குங்கள், ஏனென்றால் பாஸ்வேர்டு இல்லாமலே, நீங்கள் லாகின் செய்திருப்பதை பிரவுசரில் குறித்து வைக்கும் குக்கியைத் திருடி வைத்து உள்ளே வந்துவிடுவார்கள்.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டரில் பைரேட்டட் வைத்திருந்தால் ஜெயிலா?
(ஓய்வுபெற்ற ஊழியர், மதுரை)

1957-ஆம் வருஷப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் 63பி என்ற பிரிவு. தெரிந்தே திருட்டு காப்பியைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். லாப நோக்கமோ வியாபாரமோ இல்லையென்றால் சிறை இல்லாமல் 50,000-க்குள் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. 2012-இல் 65ஏ என்று சேர்த்த பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கிவிட்டது. வீட்டைவிட, டிடிபி சென்டர், ஸ்டூடியோ, ஆடிட்டர் ஆபீஸ் நடத்துகிறவர்கள்தான் "வியாபாரம்" என்ற வார்த்தையைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

கீஜென்னைத் திறந்தால் டொய்ங் டொய்ங் என்று ஒரு மியூசிக் வருமே, அது எதற்கு?
(ஐடி ஊழியர், பெங்களூரு)

பெருமைக்கு! எண்பதுகளில் கொமடோர் 64, அமிகா கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் பூட்டை உடைத்த குழுக்கள், நாங்கள்தான் உடைத்தோம் என்று ஆட்டம் தொடங்கும் முன் பெயர், படம், இசையோடு ஒரு சின்ன முகப்பு வைத்தார்கள். நார்வேயில் 1985-இல் தொடங்கிய ரேசர் 1911 அதில் பேர் போனது. இசையைப் பதிவு செய்து வைக்க இடம் கிடையாது. சில ஒலித் துணுக்குகளும், எந்தத் துணுக்கை எப்போது எந்தச் சுருதியில் வாசி என்ற பட்டியலும்தான். டிராக்கர் மாட்யூல் என்பார்கள், சில கேபியில் மூன்று நிமிஷப் பாட்டே அடங்கிவிடும். அதே பழக்கம் கீஜென்னுக்கும் வந்தது.

அந்த முகப்புகளைச் செய்தவர்களில் பலர் உடைப்பதை விட்டுவிட்டுக் கலையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள், டெமோசீன் என்று தனி உலகமானது. 2020-இல் ஃபின்லாந்தும் 2021-இல் ஜெர்மனியும் அதைத் தங்கள் நாட்டுக் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தன. எனக்கு அந்த இசை பிடிக்கும், கீஜென்னைத் தொடாமலே கேட்கலாம், யாரோ புண்ணியவான்கள் தனியே தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

நான் அடோபி சிஎஸ்2 (ஃபோட்டோஷாப் அடங்கிய தொகுப்பு) சொந்தக் காசில் வாங்கினேன். கம்பெனி சர்வரை மூடிவிட்டால் என் லைசென்ஸ் என்ன ஆகும்? இதற்கு கிராக் பண்ணினவனே தேவலையா?
(போட்டோ ஸ்டூடியோ உரிமையாளர், கரூர்)

கோபம் நியாயம். 2012 கடைசியில் அடோபி சிஎஸ்2-க்கான ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்தியது. பதிலாக, ஆக்டிவேஷனே கேட்காத ஒரு பதிப்பையும் அதற்கான சீரியலையும் தன் தளத்திலேயே வைத்தது. அதைப் பார்த்து உலகம் முழுக்க "ஃபோட்டோஷாப் இலவசம்" என்று கிளம்பிவிட்டார்கள், கம்பெனி ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மட்டும்தான் என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. 2013-இல் மாதச் சந்தாவுக்கு மாறினார்கள், இனி சொந்தமாக வாங்குவது என்ற பேச்சே இல்லை.

சர்வர் கையில் பிடி போன பிறகு, ஒழுங்காக வாங்கியவரும் அந்த சர்வரின் தயவில்தான். 2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் சரிபார்ப்பு சர்வர் ஒரு கோளாறில் சுமார் 19 மணி நேரம் அசல் விண்டோஸ்களையே போலி என்று சொல்லிக்கொண்டிருந்தது, சரிபார்ப்பையே வெட்டி எறிந்த கிராக் போட்டவருக்கு அன்று தொந்தரவு இருந்திருக்காது. சர்வரை மூடும் கம்பெனி கடைசியாக ஒரு திறந்த பதிப்பை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது சட்டமாகவே இருக்க வேண்டும் என்பேன். அடோபி அந்த ஒரு விஷயத்தில் சரியாகத்தான் நடந்துகொண்டது.

டேலி படிக்கிறேன். லைசென்ஸ் வாங்க வசதி இல்லை. கிராக் போடலாமா?
(மாணவி, தர்மபுரி)

தேவையே இல்லை அம்மா. லைசென்ஸ் இல்லாமலே எஜுகேஷனல் மோடில் திறக்கும், 1, 2, 31 ஆகிய தேதிகளில்தான் வவுச்சர் போட முடியும், மற்றபடி கற்றுக்கொள்ள அது போதும்.

எங்கள் சென்டரில் பக்கம் வடிவமைக்க இன்றும் அடோபியின் பேஜ்மேக்கர் 7 தான். லைசென்ஸ் இல்லாதது உறுத்துகிறது. இலவசமாக மாறச் சொல்கிறார்கள், முடியுமா?
(டிடிபி சென்டர் உரிமையாளர், சிவகாசி)

பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல், அதற்குப் பிறகு அடுத்த பெரிய பதிப்பே வரவில்லை. நீங்கள் அதை விடாமல் இருப்பதற்குக் காசு மட்டும் காரணமில்லை என்று தெரியும். அதற்கு இன்று எல்லா இடத்திலும் பொதுவாக இருக்கும் குறியீடான யூனிகோடில் தமிழ் தெரியாது, உங்கள் எழுத்துருக்களும் இருபது வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைக் கோப்புகளும் பழைய குறியீட்டில் இருக்கின்றன, ஆபரேட்டரின் விரலும் பழைய கீபோர்டில் இருக்கிறது. லைசென்ஸைவிட இதுதான் பெரிய பூட்டு.

பக்கம் வடிவமைக்கும் இலவச சாஃப்ட்வேரான ஸ்கிரைபஸின் 1.6 பதிப்பு தமிழ் யூனிகோடை ஒழுங்காகக் கோக்கிறது, ஒற்றைப் பக்க வேலைக்கு இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை சாஃப்ட்வேர் போதும். பழைய கோப்பில் இருக்கும் வாசகத்தை என்எச்எம் கன்வர்ட்டர் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கும், ஆனால் பக்க வடிவமைப்பு வராது, அதைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். ஆகவே பழையதை எல்லாம் மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள். அடுத்த முகூர்த்த மாதத்துக்கு வரும் புது ஆர்டரில் ஒன்றே ஒன்றை ஸ்கிரைபஸில் செய்யச் சொல்லுங்கள், பிடிஎஃப் எடுத்து உங்கள் பிரஸ்ஸில் பிளேட் போட்டுப் பாருங்கள். கறுப்பு எழுத்து நான்கு கலரிலும் பிரிந்து விழுகிறதா என்பதை முதலில் பாருங்கள், புதிதாக மாறுகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அங்கேதான்.